பட்டினியும் மிகுதியும்: குறைமாதக் குழந்தையின் இரத்தச் சர்க்கரைக்கு ஒரு வரலாறு

சில நோய்களுக்குப் பிறந்த காலம் உண்டு. அம்மையும் காசமும் மனிதர் கூட்டமாக வாழத் தொடங்கிய நாள்முதல் உடன்வருபவை. ஆனால் இருபத்தெட்டு வாரத்தில், ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த எடையுடன் பிறந்த குழந்தையின் இரத்தத்தில் சர்க்கரை மிகுந்துபோகும் நிலை 1970-களுக்கு முன் மருத்துவ இலக்கியத்தில் பெரிதாகப் பேசப்படவில்லை. அத்தகைய குழந்தைகள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. பிழைத்த சிலருக்கும் சிரைவழியாகக் குளுக்கோஸ் செலுத்தும் வழக்கம் இருக்கவில்லை. சொட்டுச் சொட்டாகச் சர்க்கரையைச் செலுத்தக் கற்றுக்கொண்ட பிறகே அது மிகுந்துபோவதையும் மருத்துவர்கள் கண்டனர்.

இக்கட்டுரை அந்தச் சர்க்கரையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல முயல்கிறது. பழைய வட ஆர்க்காட்டின் ஒரு மூலையான கார்வேட்டிநகரத்தை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். பாரிசிலும் ஆக்ஸ்ஃபோர்டிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் எடுக்கப்பட்ட முடிவுகள், ஒரு சிற்றூரில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைக்கு எப்பொருளில் வந்து சேர்கின்றன என்பதே என் கேள்வி. இது சிகிச்சைக் குறிப்பன்று, வரலாற்றுக் குறிப்பு.

*

முதல் துளி

பிறந்த குழந்தையின் நாவில் இனிப்பு வைப்பது நம்மிடையே பழைய வழக்கம். சேனை தொடுதல் என்பர். குடும்பத்தில் நற்குணம் வாய்ந்த ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டுவைத்தால் அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. அதே வீடுகள் பலவற்றில் சீம்பால் கறந்து கொட்டப்பட்டது. தொற்றைத் தடுக்கும் பொருள்கள் நிறைந்த முதற்பாலை விலக்கிவிட்டு, வெறும் இனிப்பை முதல் உணவாக்கிய இம்முரணை மருத்துவ மானிடவியலார் பலர் பதிந்துள்ளனர். நிறைமாதக் குழந்தை இதைத் தாங்கிக்கொள்ளும். கருவிருந்த கடைசி மூன்று மாதங்களில் ஈரலில் கிளைக்கோஜனும் தோலின்கீழ்க் கொழுப்பும் சேர்த்துக்கொண்டு வருவதால், பால் ஊறும்வரை அது தன் சேமிப்பில் வாழும். குறைமாதக் குழந்தைக்கு அந்தச் சேமிப்புக் காலம் கிட்டவில்லை. கையிருப்பு இல்லாமல் பிறந்த குழந்தை அது.

இக்குழந்தைகளைத் தனித்த கவனத்துக்குரியோராக முதலில் பார்த்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பாரிஸ். மகப்பேற்று மருத்துவர் ஸ்டெஃபான் தார்னியே, கோழிமுட்டைகளுக்கு வெப்பமூட்டும் பெட்டியைக் கண்டு, அதைப்போன்ற ஒன்றைக் குழந்தைகளுக்காகச் செய்வித்து 1881 அளவில் பாரிசின் மத்தெர்னித்தே மருத்துவமனையில் பயன்படுத்தினார். உறிஞ்ச வலுவற்ற குழந்தைக்கு மெல்லிய குழாய்வழி இரைப்பையில் பாலூட்டும் முறையையும் அவரே பரப்பினார். அவருடைய மாணவர் பியேர் புதேன் 1900-இல் வெளியிட்ட நூலில் வெப்பம், ஊட்டம், தொற்றுத்தடுப்பு ஆகிய மூன்றையும் குறைமாதக் குழந்தையின் வாழ்வுக்கு அடிப்படையாக வைத்தார். தாயையும் குழந்தையையும் பிரிக்கலாகாது என்பதும் அவர் வற்புறுத்திய கருத்து. தாய்ப்பாலும் செவிலித்தாயின் பாலுமே அங்கு உணவு. பிற்காலத்தார் இதில் பலவற்றை மறந்து மீண்டும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

*

பட்டினியின் காலம்

மறதியின் மிகக் கொடிய பகுதி 1940-களிலும் 1950-களிலும் நிகழ்ந்தது. அக்காலத்து மேலை மருத்துவமனைகள் பலவற்றில் குறைமாதக் குழந்தைக்கு முதல் ஒன்று முதல் மூன்று நாள்வரை உணவோ நீரோ தருவதில்லை. இதைக் கருணையின்மை என்று தள்ளிவிட முடியாது. பால் மூச்சுக்குழாயில் இறங்கி இறந்த குழந்தைகளை அம்மருத்துவர்கள் கண்டிருந்தனர். பிறக்கும்போதே இக்குழந்தைகளின் உடல் வீங்கியிருப்பதால், மிகைநீர் வெளியேறட்டும் என்று காத்திருப்பதே நல்லது என்ற கருத்தும் இருந்தது. அச்சத்துக்குக் காரணம் இருந்தது. பட்டினியின் விளைவை அளந்து பார்க்கும் வழக்கம்தான் இருக்கவில்லை.

அளவையின் வரலாறு இங்கே முக்கியம். சிறிதளவு இரத்தத்தில் சர்க்கரையைக் கணக்கிடும் முறைகள் 1920-களில்தான் பரவின. எண்பது மில்லிலிட்டர் இரத்தமே உள்ள குழந்தையிடமிருந்து முழுச் சோதனைக்குழாய் நிறைய எடுக்க இயலாது. 1937-இல் செயின்ட் லூயிசில் ஹார்ட்மனும் ஜாடனும் பச்சிளங்குழந்தைகளின் தாழ்சர்க்கரையைப் பற்றி விரிவாக எழுதினர். 1950-களின் இறுதியில் மார்வின் கார்ன்பிளாத் முதலியோர், தாழ்சர்க்கரையால் வலிப்பும் மூச்சுத்தடையும் நேர்ந்த குழந்தைகளை விவரித்தனர். மூளை சர்க்கரையை நம்பி வாழும் உறுப்பு என்பதை அறிந்தபின், மூன்று நாள் பட்டினி எவ்வளவு பெரிய ஆபத்து என்பது தெளிவாயிற்று.

மாற்றம் இரு வழிகளில் வந்தது. 1963-இல் மான்ட்ரியலில் ராபர்ட் அஷர், மூச்சுத்திணறல் நோயுற்ற குறைமாதக் குழந்தைகளுக்குத் தொடக்கத்திலேயே சிரைவழிக் குளுக்கோசும் சோடியம் பைகார்பனேட்டும் செலுத்தியபோது இறப்பு குறைந்ததாக அறிவித்தார். மறு ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டில் விக்டோரியா ஸ்மால்பீசும் பமிலா டேவிசும், பிறந்தவுடனேயே நீர் கலக்காத தாய்ப்பாலைக் குழாய்வழி ஊட்டியதன் பயனை லான்செட் இதழில் வெளியிட்டனர். இவ்விரண்டும் பட்டினிக்கு எதிரான குரல்களே. ஆயினும் ஒன்று சிரையை நாடியது, மற்றொன்று இரைப்பையை நாடியது. அடுத்த நாற்பதாண்டுகளில் பெரிதும் வளர்ந்தது சிரைவழி.

*

மிகுதியின் காலம்

1960-களின் இறுதியில் ஃபிலடெல்ஃபியாவில் ஸ்டான்லி டட்ரிக், டக்ளஸ் வில்மோர் ஆகியோர், குடல் செயற்படாத ஒரு குழந்தையைச் சிரைவழி ஊட்டத்தாலேயே வளரவைத்துக் காட்டினர். 1968-இல் அச்செய்தி அச்சேறியது. சுவீடனில் ஆர்விட் ரெட்லிண்ட் சிரைவழிச் செலுத்தத்தக்க கொழுப்புக் குழம்பை ஏற்கெனவே உருவாக்கியிருந்தார். மூச்சுக்கருவிகளும் வளர்ந்தன. முன்பு கைவிடப்பட்ட 900 கிராம் குழந்தைகள் வாரக்கணக்கில் உயிர்வாழத் தொடங்கினர்.

1974-இல் அமெரிக்காவின் பர்மிங்ஹாமிலிருந்து டுவெக், கசாடி இருவரும் ஒரு கட்டுரை வெளியிட்டனர். பிறப்பெடை 1100 கிராமும் அதற்குக் குறைவுமான குழந்தைகளில் உயர்சர்க்கரை மிகப் பரவலாக இருந்ததை அது காட்டியது. இந்நிலையின் பிறந்த காலம் என்று ஒன்றைக் குறிக்க வேண்டுமானால் இதையே குறிக்கலாம்.

ஏன் இவ்வாறு நேர்கிறது? கருவின் இரத்தச் சர்க்கரை தாயின் அளவைப் பின்தொடர்ந்து நிற்கும். நஞ்சுக்கொடி இடைவிடாது சர்க்கரையைக் கொண்டுசேர்ப்பதால், கருவின் ஈரல் தானாகச் சர்க்கரை உண்டாக்க வேண்டிய தேவை மிகக் குறைவு. கொடி அறுபட்ட கணத்திலிருந்து அப்பொறுப்பு முழுவதும் குழந்தையுடையது. நிறைமாதக் குழந்தையின் ஈரல், வெளியிலிருந்து சர்க்கரை வந்தால் தன் உற்பத்தியை நிறுத்திக்கொள்ளும். மிகக் குறைமாதக் குழந்தையின் ஈரலோ வெளியிலிருந்து வந்துகொண்டிருக்கும்போதும் தானும் உண்டாக்கிக்கொண்டிருக்கும். கணையம் இன்சுலினுக்கு முந்தைய மூலக்கூறை முழுமையாகப் பக்குவப்படுத்தாமல் வெளியிடும். சர்க்கரையை ஏற்றுக்கொள்ளும் தசையும் கொழுப்பும் குறைவு. தொற்று, மூச்சுத்திணறல், வலி ஆகியவற்றால் சுரக்கும் அழுத்தச் சுரப்புகளும், நுரையீரலுக்காகத் தரப்படும் ஸ்டீராய்டுகளும் சர்க்கரையை மேலும் உயர்த்தும்.

கணக்கிட்டுப் பார்த்தால் நிலைமையின் நுண்மை விளங்கும். 900 கிராம் குழந்தையின் உடலில் உள்ள இரத்தம் ஏறத்தாழ 75 மில்லிலிட்டர். டெசிலிட்டருக்கு 100 மில்லிகிராம் சர்க்கரை என்று கொண்டால், அந்த இரத்தம் முழுவதிலும் கரைந்துள்ள சர்க்கரை 75 மில்லிகிராம். விரல்நுனியில் எடுக்கும் சிட்டிகையிலும் குறைவு. அக்குழந்தைக்கு நூற்றுக்குப் பத்து வீதக் குளுக்கோஸ் கரைசலை, ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 மில்லிலிட்டர் வீதம் செலுத்தினால், மணிக்கு 3 மில்லிலிட்டர் ஆகும். இது நிமிடத்துக்குக் கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய 5.6 மில்லிகிராம் குளுக்கோஸ். குழந்தையின் தேவையை ஒட்டிய அளவு. இருமடங்கானால் 11 மில்லிகிராமைத் தாண்டும். மிகச்சிறு குழந்தைகள் பலரும் அதைத் தாங்கமாட்டார்கள்.

இங்கே கருவியின் வரலாறும் நுழைகிறது. 60 சொட்டு சேர்ந்து ஒரு மில்லிலிட்டராகும் நுண்சொட்டுக் குழாயில், மணிக்கு 3 மில்லிலிட்டர் என்பது நிமிடத்துக்கு மூன்று சொட்டு. பெரியவர்களுக்குரிய, மில்லிலிட்டருக்கு 20 சொட்டுள்ள குழாயில் அதுவே நிமிடத்துக்கு ஒரே ஒரு சொட்டு. உருளையை விரலால் நகர்த்திக் கட்டுப்படுத்தும் செவிலியர், ஒரு சொட்டை இரண்டாக்கிவிட்டால் சர்க்கரை இருமடங்காகிவிடும். மின்விசைச் செலுத்துகருவி இல்லாத காலத்திலும் இடத்திலும் எழுந்த உயர்சர்க்கரையில் எவ்வளவு உடலின் குறை, எவ்வளவு உருளையின் குறை என்று பிரித்துச் சொல்வது அரிது.

*

இன்சுலின் வந்தது

இன்சுலின் 1922 சனவரியில் டொரன்டோவில் லெனர்ட் தாம்சன் என்னும் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. அறுபது ஆண்டுகளுக்குப் பின், 1980-களில் அது குறைமாதக் குழந்தைகளின் பிரிவுக்குள் நுழைந்தது. அதன் தருக்கம் கவர்ச்சியானது. சர்க்கரை உயர்ந்தால் குளுக்கோசைக் குறைக்க வேண்டும். குறைத்தால் கலோரி குறையும். கலோரி குறைந்தால் வளர்ச்சி தடைப்படும். இன்சுலின் கொடுத்தால் சர்க்கரையையும் குறைக்காமல் வளர்ச்சியையும் காக்கலாம். 1991-இல் காலின்ஸ் முதலியோர் நடத்திய சிறு ஆய்வில் இன்சுலின் பெற்ற குழந்தைகளின் எடை கூடியது.

ஆனால் கூடியது எது? 1998-இல் பாயின்டெக்ஸ்டர் முதலியோர் மிகச் சில குழந்தைகளில் நுணுகி ஆராய்ந்தபோது, இன்சுலின் புரதச் சிதைவைக் குறைத்ததோடு புரத உருவாக்கத்தையும் குறைத்தது. இரத்தத்தில் லாக்டிக் அமிலமும் மிகுந்தது. தராசு காட்டிய எடை உடலின் கட்டுமானமாக இருக்க வேண்டியதில்லை என்ற ஐயம் அப்போதே எழுந்தது. நடைமுறைச் சிக்கல்களும் இருந்தன. இன்சுலின் பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். குழாயை முன்கூட்டியே கரைசலால் நனைத்து வைக்காவிட்டால் குழந்தைக்குச் சேரும் அளவு கணக்கில் உள்ளதாக இராது.

பெரிய விடை 2008-இல் வந்தது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த கேத்ரின் பியர்ட்சால் தலைமையில் ஐரோப்பிய மருத்துவமனைகள் இணைந்து நடத்திய நர்ச்சர் ஆய்வு, நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாயிற்று. மிகக் குறைந்த எடையுள்ள 389 குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவுக்கு முதல் வாரம் முழுவதும், சர்க்கரை உயரும்வரை காத்திராமல், இன்சுலின் தொடர்ந்து தரப்பட்டது. மற்றதற்கு வழக்கமான பராமரிப்பு. சராசரிச் சர்க்கரை குறைந்தது. செலுத்தப்பட்ட கலோரியும் கூடியது. எதிர்பார்த்த முதன்மைப் பயன் மட்டும் கிட்டவில்லை. தாழ்சர்க்கரை மிகுந்தது. இருபத்தெட்டாம் நாள் அளவில் இறப்பும் இன்சுலின் குழுவிலேயே கூடுதலாக இருந்தது. பயன் கிட்டாது, தீங்கு நேரலாம் என்ற காரணத்தால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. 2012-இல் நியூசிலாந்தின் ஆல்ஸ்வைலர் முதலியோர், ஏற்கெனவே சர்க்கரை உயர்ந்த குழந்தைகளில் இன்சுலின் கொண்டு இறுக்கமான கட்டுப்பாட்டைச் சோதித்தனர். தலைச்சுற்றளவும் எடையும் கூடின, கால் எலும்பின் நீள வளர்ச்சி குறைந்தது, தாழ்சர்க்கரை மிகுந்தது.

இதில் மாணவர்கள் கவனிக்க வேண்டிய தருக்கப் பாடம் ஒன்று உண்டு. உயர்சர்க்கரையுள்ள குழந்தைகளில் இறப்பு, மூளை இரத்தக்கசிவு, குறைமாத விழித்திரை நோய் ஆகியவை மிகுதி என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் மிகவும் நோயுற்ற குழந்தைக்கே சர்க்கரையும் மிகவும் உயர்கிறது. புகையைக் கண்டு நெருப்பை அறியலாம். விசிறியால் புகையை விலக்கினால் நெருப்பு அணைவதில்லை. எண்ணைச் சரிசெய்வதும் குழந்தையைச் சரிசெய்வதும் ஒன்றல்ல என்பதை மெய்ப்பிக்க, ஒரு நல்ல சமவாய்ப்பு ஆய்வு தேவைப்பட்டது.

*

மீண்டும் பாலுக்கு

இன்று பல பிரிவுகள் கைக்கொள்ளும் ஒழுங்கு பழைமையும் புதுமையும் கலந்தது. முதலில் அளவையே ஐயப்படு: குதிகாலில் குளுக்கோஸ் கரைசல் பட்டிருந்தால் குளுக்கோமீட்டர் பொய்யான உயர்வைக் காட்டும், சிவப்பணுக்கள் செறிந்த இரத்தத்தில் உண்மையினும் குறைத்துக் காட்டும். அடுத்துத் தொற்று உண்டா, வலி உண்டா, ஸ்டீராய்டு தரப்பட்டதா எனக் காரணம் தேடு. பிறகு குளுக்கோஸ் செலுத்தும் வீதத்தைப் படிப்படியாகக் குறை. அமினோ அமிலங்களை முதல் நாளிலிருந்தே கொடு. அவை கட்டுமானப் பொருளாவதோடு குழந்தையின் சொந்த இன்சுலினையும் தூண்டும். இத்தனைக்குப் பின்னும் சர்க்கரை மிக உயர்ந்தே நின்றால்தான் இன்சுலின், அதுவும் அடிக்கடி அளந்துகொண்டு.

எனினும் புரதத்திலும் மிகுதியின் மயக்கம் உண்டு. நியூசிலாந்தும் ஆஸ்திரேலியாவும் சேர்ந்து நடத்தி 2022-இல் வெளிவந்த புரொவைட் ஆய்வு, ஒரு கிலோகிராமுக்கும் குறைந்த குழந்தைகளுக்கு முதல் ஐந்து நாள் கூடுதல் அமினோ அமிலம் கொடுத்தது. ஊனமின்றி வாழும் வாய்ப்பு அதனால் உயரவில்லை. பட்டினிக்குப் பின் திடீரென ஊட்டம் பெறும் உடலில் பாஸ்பேட் சரியும் நிலையும் கூடுதலாகக் காணப்பட்டது. போதும் என்பதற்கும் மிகுதி என்பதற்கும் இடையிலான கோடு சர்க்கரையில் மட்டுமன்றி எல்லா ஊட்டத்திலும் மெல்லியது.

இந்தியாவின் பங்களிப்பு பெரிதும் இரைப்பை வழியிலேயே அமைந்தது. 1989-இல் மும்பையின் சயான் மருத்துவமனையில் அர்மிடா ஃபெர்னாண்டஸ் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி அதுவே எனப் போற்றப்படுகிறது. 2019-இல் தில்லியின் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள், மிகக் குறைந்த எடையுள்ள, ஆனால் நிலையாக உள்ள குழந்தைகளுக்கு, முதல் நாளிலிருந்தே சிரைவழி நீரின்றி முழுப் பாலூட்டல் இயலும் என்று சமவாய்ப்பு ஆய்வால் காட்டினர். சிரையில் குளுக்கோஸ் இல்லையேல் உருளையின் பிழையும் இல்லை. ஊசி நுழைந்த இடத்துத் தொற்றும் இல்லை. ஏழை நாட்டின் இயலாமையிலிருந்து பிறந்த வழியாக மட்டும் இதைப் பார்க்கலாகாது. புதேனும் ஸ்மால்பீசும் தொடங்கி வைத்த வழியின் தொடர்ச்சி இது. 2021-இல் வெளிவந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வு, தில்லி சஃப்தர்ஜங் உட்பட ஐந்து மருத்துவமனைகளில் நடந்தது. பிறந்தவுடன் தாயின் மார்போடு அணைத்து வைத்த சிறுகுழந்தைகளில் இறப்பு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்ததை அது காட்டியது.

*

எல்லைமேல் ஓர் ஊர்

இனி கார்வேட்டிநகரத்துக்கு வருவோம். வட ஆர்க்காட்டின் பெரிய ஜமீன்களுள் ஒன்றின் தலைநகர் அது. 1911-இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதனுள் சென்றது. 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1960-இல் அதே ஜமீன் நிலப்பரப்பைச் சேர்ந்த திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. கார்வேட்டிநகரம் அப்பால் நின்றது. 2022-இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. கார்வேட்டிநகரம் சித்தூரிலேயே தங்கியது. தமிழும் தெலுங்கும் ஒருவாயில் புழங்கும் அந்நிலத்தில் கோடுகள் நான்கு முறை நகர்ந்துள்ளன. குறைமாதக் குழந்தைக்கு இக்கோடுகளுக்குப் பொருள் உண்டு. தீவிர சிகிச்சை வேண்டுமானால் திருப்பதிக்கோ சித்தூருக்கோ, எல்லை தாண்டி வேலூருக்கோ போக வேண்டும். 2007-இல் தொடங்கிய ஆரோக்கியஸ்ரீயும் 2009-இல் தொடங்கிய தமிழ்நாட்டுக் காப்பீடும் இரு மாநிலங்களின் தனித்தனித் திட்டங்கள்.

அந்தப் பயணத்தில் என்ன நிகழும் என்பதை இதுவரை சொன்ன வரலாறு முழுவதும் முன்னறிவிக்கிறது. குழந்தை குளிர்ந்தால் தன்னிடமுள்ள சிறு சர்க்கரையை எரித்துத் தீர்க்கும்; தாழ்சர்க்கரை வரும். அதற்கு அஞ்சி ஊர்தியில் உருளையைத் தளர்த்தினால், சேரும்போது உயர்சர்க்கரையோடு சேரும். பட்டினியின் காலமும் மிகுதியின் காலமும், மேலை மருத்துவத்தில் அரை நூற்றாண்டு எடுத்துக்கொண்டவை, ஒரே குழந்தையின் உடலில் ஒரே பிற்பகலில் நடந்து முடியலாம். இதைத் தடுக்கக்கூடியவை எளியவை: தாயின் மார்போடு அணைத்த வெப்பம், முடிந்தால் கறந்த சீம்பால் சில மில்லிலிட்டர், சொட்டை எண்ணத் தெரிந்த ஒருவர் அல்லது நம்பகமான செலுத்துகருவி, புறப்படும் முன்னும் சேர்ந்த பின்னும் எடுத்த சர்க்கரை அளவை எழுதிய ஒரு தாள். தாயை ஊரில் விட்டுவிட்டுக் குழந்தையை மட்டும் ஊர்தியில் ஏற்றும் வழக்கம் இவற்றுள் முதல் இரண்டையும் பறித்துவிடுகிறது.

2003-இல் மேற்கு வங்கத்தின் புருலியாவில் தொடங்கிய மாவட்ட அளவிலான சிறப்புப் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள் இன்று நாடெங்கும் உள்ளன. அவற்றின் கதையைக் கட்டில்களின் எண்ணிக்கையாலும் இறப்பு வீதத்தாலும் எழுதுகிறோம். ஊரிலிருந்து பிரிவுவரையுள்ள சாலையின் வரலாற்றை எவரும் எழுதவில்லை என்றே தோன்றுகிறது. அனுப்பும் கடிதங்கள், ஊர்திப் பதிவேடுகள், சேர்க்கையின்போது குறித்த முதல் சர்க்கரை அளவு ஆகியவை மருத்துவமனைகளின் பழங்கட்டுகளில் தூசிபடிந்து கிடக்கலாம். ஆண்டுகள் கழிந்தால் அழிக்கவும் படலாம். மருத்துவ வரலாறு, பொதுச் சுகாதாரம், செவிலியம் பயிலும் மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள களம் அரிது. எல்லையின் இருபுறத்து மொழியும் தெரிந்தவர்கள் செய்தால் இன்னும் நன்று.

அப்பணியில் ஈடுபட்டோரும், இப்பிரிவுகளில் பணியாற்றும் மருத்துவரும் செவிலியரும் தங்கள் கருத்துகளைக் கீழே பகிர்ந்தால் நன்றியுடையேன். குறிப்பாக, செலுத்துகருவி வருமுன் சொட்டு எண்ணிய தலைமுறைச் செவிலியரின் நினைவுகளை இப்போதே பதிந்தாக வேண்டும். நான் மேலே இட்ட கணக்கை அவர்கள் தாளில் எழுதியவர்கள் அல்லர். இரவெல்லாம் விழித்திருந்து கண்ணால் எண்ணியவர்கள்.